அக்காவின் கால் தப்பு செய்யவில்லை

அந்த வீடியோவை நான் நிட்டிங் ரூமில், ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடி பார்த்தேன். அங்கே பக்கத்து ஆள் பேசுவதே காதில் விழாது. கண்ணுக்கு மட்டும்தான் வேலை. போனில் அக்காவின் வலது கால் தெரிந்தது. வெள்ளை ஷூ. அது பிரேக் பெடலை மிதிக்கிறது. வீடியோவின் வேகத்தைக் குறைத்து மறுபடி ஓடவிட்டேன். மிதிக்கிறது, இன்னும் மிதிக்கிறது, கணுக்கால் நரம்பு புடைக்கிறது. பெடல் பாதி வழியில் கல்லாக நின்றுவிட்டது. கால் கொஞ்சம்கூட மேலே வரவில்லை.

அந்த கேமராவை நான் என் காலைப் படம் பிடிக்கத்தான் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒட்டியிருந்தேன். கியர் குறைக்கும்போது என் கால் எங்கெங்கோ போகிறது, அதைப் பார்த்துத் திருத்தலாமென்று. அதை அணைக்க மறந்துபோனது என் வாழ்நாளிலேயே மிகவும் பிரயோஜனமான மறதி. கார் நிற்காமல் போனதற்கு அக்கா காரணமில்லை. அவள் மிதித்திருக்கிறாள், கார்தான் கேட்கவில்லை. மெஷின் சத்தத்துக்கு நடுவில் எனக்கு அப்போதுதான் பளிச்சென்று பட்டது: பிரேக்கை ஆளுகிற இந்த ஏபிஎஸ் பெட்டியைத் தூக்கிவிட்டு வேறு போட்டால் என்ன?

நாங்கள் இருப்பது திருப்பூர் நல்லூரில். கீழே அப்பாவின் நிட்டிங் யூனிட், மேலே வீடு. நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு அப்பாவோடு யூனிட்டைப் பார்த்துக்கொள்கிறேன். அக்கா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையரோடு பேசுவது, சாம்பிள் அனுப்புவது, கலர் கொஞ்சம் மாறினாலும் மல்லுக்கு நிற்பது அவள் வேலை. நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பழைய சின்ன பெட்ரோல் கார் வாங்கினோம். பின் சீட்டைக் கழற்றினோம், ஒட்டும் டயர் போட்டோம். கோயமுத்தூர் பக்கத்து ரேஸ் டிராக்கைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாட்களில் அதைக் கொண்டுபோய் ஓட்டுவோம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. ஒரு சுற்றைப் போன தடவையைவிடச் சுத்தமாக ஓட்டினோமா என்பது மட்டும்தான். அக்கா என்னைவிட வேகம். ஆரம்பத்தில் அதற்கு டயரின் மீதும் வெயிலின் மீதும் பழி போட்டேன். பிறகு விட்டுவிட்டேன்.

அன்றைக்கு நடந்தது இது. டிராக்கின் நீண்ட நேர்பாதை முடிகிற இடத்தில் வலப்பக்கம் ஒரு கூர்மையான வளைவு. சரியாகப் பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் தாரில் ஒரு மேடு இருக்கிறது. ஒரு காலத்தில் யாரோ ஒட்டுப்போட்டு மறந்த மேடு. அக்கா மிதித்தாள். கார் வேகம் குறையாமல் வளைவைத் தாண்டி நேராகச் செம்மண்ணுக்குள் போய் நின்றது. முன் பம்பர் கிழிந்தது, அவ்வளவுதான். அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. நான் ஓடிப்போனபோது புழுதிக்குள் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

நாலு பேர் கூடிவிட்டார்கள். அதில் பல வருஷமாக அங்கே ஓட்டுகிற ஒருவர், நல்ல மனிதர், இதமாகத்தான் சொன்னார்.

"பயப்படாம மிதிக்கோணும்மா. பாதியில காலெ எடுத்துட்டீங்க."

பின்னால் நின்ற இன்னொருவர், லேடீஸுக்குக் கொஞ்சம் பயம் இருக்கத்தானே செய்யும் என்று அதற்கு ஒத்து ஊதினார். நீலத்தில் அரை சாயல் குறைந்தால்கூட ஒரு மணிநேரம் வாதாடுகிற என் அக்கா, சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தவள், பல்லடம் தாண்டும்போது மெல்லச் சொன்னாள்.

"மிதிச்சேன்டா. மிதிச்சேன்னுதான் நெனைக்கறேன். இப்ப எனக்கே தெரியல."

அதன் பிறகு அவள் டிராக்குக்கு வரவில்லை. ஷிப்மென்ட் என்றாள், தலைவலி என்றாள், பிறகு காரணம் சொல்வதையும் நிறுத்தினாள். கம்பெனிக்கு ஸ்கூட்டரில் போனாள். அதில்கூடச் சிக்னலுக்கு வெகு முன்னாலேயே பிரேக் பிடிப்பதை நான் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். தன் காலையே ஒருத்தி நம்பாமல் போவது எவ்வளவு பெரிய நஷ்டமென்று அதைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

ஆகவே வீடியோவோடு மாடிக்கு ஓடினேன். அவள் இரண்டு தடவை பார்த்தாள். முகத்தில் ஏதோ லேசாக இளகியது. ஆனால் போனைத் திருப்பிக் கொடுத்தபோது மெர்ச்சண்டைசர் குரல் வந்துவிட்டது.

"சரி, போன சாம்பிள் ஃபெயிலானதுக்கு என்ற கால் காரணமில்ல. அடுத்த சாம்பிள் பாஸாகும்னு இதுல எங்கடா இருக்குது? லேப் டெஸ்ட் ரிப்போர்ட் கொண்டா, அப்ரூவல் தர்றேன்."

கேலியாகத்தான் சொன்னாள். நான் அதை ஆர்டராக எடுத்துக்கொண்டேன்.

ஏபிஎஸ் செய்கிற வேலை எளிதானது. பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டு வழுக்க ஆரம்பிக்கும். அப்படி ஆகாமல், ஒவ்வொரு சக்கரத்துக்கும் போகும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை ஒரு பெட்டி விட்டுவிட்டுப் பிடிக்கும். எங்கள் காரில் இருந்தது பழைய தலைமுறைப் பெட்டி. சாதாரண டயருக்கும் சாதாரண ரோட்டுக்கும் பழக்கப்பட்டது. ஒட்டும் டயரோடு அந்த மேட்டில் ஏறியபோது ஒரு சக்கரம் லேசாகக் காற்றில் எழும்பி, கண்ணிமைக்கும் நேரம் பூட்டிக்கொண்டிருக்கிறது. பெட்டி மிரண்டுவிட்டது. அடியில் இருப்பது பனிக்கட்டி ரோடு என்று முடிவுகட்டி, எல்லாச் சக்கரத்துக்கும் அழுத்தத்தைக் குறைத்துவிட்டது. பெடல் கல்லாகும், கார் போய்க்கொண்டே இருக்கும். வெளிநாட்டில் டிராக் ஓட்டுகிறவர்கள் இதற்கு 'ஐஸ் மோடு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதை அக்காவிடம் சொன்னபோது, லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "திருப்பூர்ல பனிக்கு எங்கடா போறது? பனியன்தான் இருக்குது" என்றாள். பல நாள் கழித்து அவளிடமிருந்து வந்த முதல் ஜோக். அதற்கே அந்தப் பழைய பெட்டிக்கு நன்றி சொல்லலாம்போல இருந்தது.

வழிகள் மூன்று. ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஏபிஎஸ் இல்லாமலே ஓட்டுவது ஒன்று. பொங்கலூரில் தென்னந்தோப்பும் கொப்பரைக் களமும் வைத்திருக்கிற என் மாமன் மகன் அதைத்தான் சொன்னான். அவனும் என் வயதுக்காரன், எந்த இயந்திரத்தையும் கழற்றிப் பார்க்காமல் தூங்கமாட்டான். ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளும் காரில் அக்காவை உட்காரச் சொல்வது எப்படி? இரண்டாவது, ரேஸ் கார்களுக்கென்றே வருகிற ஏபிஎஸ். விலையைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடினேன். மூன்றாவதுதான் ஆசை காட்டியது. எங்கள் காரின் அடுத்த தலைமுறையில், மேல்தட்டு மாடலில், வேகமாக யோசிக்கிற புதுப் பெட்டி வருகிறது. கார் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைச் சொல்ல அதற்குத் தனி சென்சார் உண்டு. அடிபட்ட ஒரு காரிலிருந்து அது மொத்தமாகக் கிடைத்தால் போதும்.

நானும் மச்சானும் கோயமுத்தூர் உக்கடத்துக்குப் போனோம். உடைத்த கார்களின் உதிரி பாகங்கள் தெரு நீளத்துக்குக் குவிந்து கிடக்கும் இடம். மச்சான் பேரம் பேசும் அழகே தனி. திட்டுவதைக்கூட மரியாதையாகத் திட்டுவான்.

"ஏனுங்க, இந்த வண்டி ஓடுனதுங்களா, உருண்டதுங்களா?"

"உருண்டதுதான் பாஸ். ஆனா அதுக்கு முன்னால ஓடுச்சு" என்றார் கடைக்காரர்.

சிரித்துவிட்டால் பேரம் கெட்டுப்போகும் என்று மச்சான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். பெட்டி, சென்சார்கள், அவை உட்காரும் சக்கர பேரிங்குகள் எல்லாமே கிடைத்தன. கடைக்காரர் ஒயரை ஒட்ட நறுக்காமல் ஒரு முழ நீளம் விட்டு வெட்டிக் கொடுத்தார். நாங்கள் கேட்கவில்லை. என்ன செய்யப்போகிறோம் என்பதை மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு, பிளக்குக்குப் பக்கத்தில் வெட்டினால் ஜாயின்ட் போட இடம் இருக்காது என்று தானாகவே உள்ளே ஊர்ந்துபோய் வெட்டினார். அந்த ஒரு முழம் இல்லையென்றால் எனக்கு ஒரு மாதம் போயிருக்கும்.

காரை வைத்து வேலை செய்ய இடம் வேண்டும். அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். மகளை மண்ணுக்குள் இறக்கிய கார் அது. மூன்றாம் நாள் காலையில் கீழே இறங்கினால், நூல் கோன் மூட்டைகளெல்லாம் சுவரோரம் அடுக்கப்பட்டு, குடோன் பாதி காலியாகக் கிடந்தது. யார் செய்தது என்று கேட்டதற்கு, "மூட்டை ஈரம் புடிக்குதுன்னு தள்ளி வெச்சேன்" என்றார் அப்பா. சித்திரை வெயிலில் என்ன ஈரமோ.

ஒயரிங்கை எங்கள் யூனிட் எலக்ட்ரீஷியன் எடுத்துக்கொண்டார். திருநெல்வேலிக்காரர். வாய் ஓயாது, கையும் ஓயாது. பெட்டியின் பிளக்கைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"இது காரா தம்பி, கல்யாண மண்டபமா? இத்தன ஒயரு எதுக்கு?"

பெட்டியில் வந்த ஒயர் நிறமும் எங்கள் காரின் ஒயர் நிறமும் பொருந்தவே இல்லை. அவர் அலட்டிக்கொள்ளாமல் குடோனிலிருந்து மிச்ச நூல் கோன்களை எடுத்துவந்து, ஒவ்வொரு ஒயரிலும் ஒரு கலர் நூலைச் சுற்றிக் கட்டினார். சிவப்பு முன் இடது, மஞ்சள் முன் வலது, பச்சையும் கறுப்பும் பின்னால். நிட்டிங் மெஷினில் எந்த நூல் எந்த ஃபீடர் வழியாக ஊசிக்குப் போகிறது என்று ஆட்கள் அடையாளம் வைப்பதும் அப்படித்தான். நான் கம்ப்யூட்டரில் வரைந்து வைத்திருந்த படத்தை அவர் நூலோடு ஒப்பிட்டு, இரண்டு பேரும் ஒரு ஒயர்கூட மாறிப்போகாமல் முடித்தோம். அவர் சால்டர் வைத்த ஜாயின்ட் ஒன்றுகூட இதுவரை விடவில்லை.

இனிச் சொல்லப்போகிற காரியத்தை எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும்தான் செய்வார்கள். திருப்பூரில் திறந்திருக்கிற எந்த வாயையும் பனியன் வேஸ்ட்டால் அடைப்போம். துணி வெட்டும்போது விழுகிற துண்டுகள் அவை, மூட்டை மூட்டையாக நாடெங்கும் ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கை துடைக்கப் போகும். எங்களுக்கு அது காற்று மாதிரி, எப்போதும் கைக்குப் பக்கத்தில் இருக்கும். டீசல் கேன் மூடி தொலைந்தால் பனியன் வேஸ்ட். போர் பைப்புக்குள் பல்லி போகாமலிருக்கப் பனியன் வேஸ்ட். ஜன்னல் ஆடினால் அதற்கும் அதுதான். பழைய பெட்டியைக் கழற்றியதும் பிரேக் பைப்புகளின் வாயிலிருந்து ஆயில் சொட்டியது. அது பட்டால் பெயின்ட் உரிந்துவிடும். மச்சானின் கை தானாக ஒரு துண்டைக் கிழித்துத் திணித்தது, என் கையும்தான். புதுப் பெட்டியின் துளைகளிலும் தூசி போகக்கூடாதென்று அக்கறையாகத் திணித்தோம். பக்கத்து கட்டிங் யூனிட்டிலிருந்து வந்த கருநீலத் துணி. இரண்டு பேருக்குமே அது ஒரு செய்கையாகவே தோன்றவில்லை, தும்மல் வந்தால் கை வாய்க்குப் போவதுபோல.

துணிகளைப் பிடுங்கிவிட்டு எல்லாவற்றையும் பூட்டி, காரின் குறையைச் சொல்லும் ஸ்கேனரை மாட்டி, பிரேக் குழாய்களில் அடைபட்ட காற்றை எடுத்து, மச்சானின் கொப்பரைக் களத்துக்குக் கொண்டுபோனோம். தேங்காய் காயவைக்கிற பெரிய கான்கிரீட் தளம். அப்போது காலியாகக் கிடந்தது, சுற்றிலும் இடிப்பதற்கு ஒன்றும் இல்லை. மெதுவாக ஆரம்பித்து, கொஞ்சம் வேகமெடுத்து மிதித்தேன். காலுக்கடியில் பெட்டி சுறுசுறுப்பாக அதிர்ந்தது. ஆனால் காரின் மூக்கு இடப்பக்கம் இழுத்தது. மறுபடி மிதித்தாலும் மறுபடி இடப்பக்கம்தான்.

ஸ்கேனரில் ஒரு குறையும் இல்லை. எல்லாச் சென்சாரும் பேசுகின்றன. டயர் காற்றைச் சரிபார்த்தேன், வீல் அலைன்மென்ட் செய்தேன், சென்சார்களை இடம் மாற்றிப் பார்த்தேன், திரும்பும் சென்சாரைக் கழற்றி ரசமட்டம் வைத்து உட்காரவைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பிரேக் பிடித்தால் பக்கவாட்டில் இழுக்கிற கார் முன்பிருந்ததைவிட மோசம். இதை அக்காவிடம் கொடுப்பதைவிட ஃபியூஸைப் பிடுங்கலாம். ஒரு கட்டத்தில் பழைய பெட்டியையே திருப்பி மாட்டிவிட்டு, வண்டியை விற்றுவிடலாமா என்றுகூட மச்சானிடம் கேட்டேன். அவன் இளநீர் வெட்டப் போய்விட்டான்.

அன்று மதியம் அக்கா வந்தாள். அம்மா அரிசிம்பருப்புச் சோறு கட்டிக் கொடுத்து, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்று விரட்டியிருக்கிறாள். காரைப் பார்க்க வந்ததில்லை என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொண்டாள். களத்தின் ஓரம் கட்டைச் சுவரில் உட்கார்ந்து, தூக்குப்போசியைத் திறந்து தானும் சாப்பிட்டாள்.

"இன்னுமா இழுக்குது?" என்றாள். ஆமாம் என்றேன்.

"ஓட்டு பாக்கலாம்."

ஓட்டிக் காட்டினேன். கையை ஆட்டி மறுபடி ஓட்டச் சொன்னாள். இந்தத் தடவை சோற்றைச் சுவர் மேல் வைத்துவிட்டு, கார் வந்து நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே, தூரத்தில் குனிந்து உட்கார்ந்தாள். நான் நின்றதும் அங்கிருந்தே சத்தம் போட்டாள்.

"டேய், நீ மிதிக்கறப்ப இடது பக்கம் ஒடனே குனியுது. வலது பக்கம் யோசிச்சுட்டுத்தான் குனியுது. உன்ற வலது வீல் லேட்டா ரிப்ளை பண்ற சப்ளையராட்ட இருக்குது."

காருக்குள் இருந்த எங்களுக்குத் தெரியாதது அது. நான் வாரக்கணக்கில் ஒயரைத் துரத்திக்கொண்டிருந்தேன். வலது முன் சக்கரத்துக்கு ஆயிலே தாமதமாகப் போகிறது என்றால் விஷயம் மின்சாரத்தில் இல்லை, குழாயில். சோதிக்க மூன்று பேர் வேண்டும். ஒருவர் சக்கரத்தில் காற்றுத் திருகைத் திறக்க, ஒருவர் பாட்டில் பிடிக்க, ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடல் மிதிக்க. என் கையும் மச்சான் கையும் ஆயிலாக இருந்தன. அக்கா எங்களைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். எஞ்சின் ஓடவில்லை, கார் நகரவில்லை. இருந்தாலும் செம்மண்ணுக்குள் போனபிறகு அந்தப் பெடல் மேல் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. நானும் மச்சானும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"மிதி" என்பேன். "மிதிச்சாச்சு" என்பாள். "புடி." "புடிச்சிருக்கேன்." "விடு."

இடது பக்கம் ஆயில் பீறிட்டது. வலது பக்கம் நூலாக வந்தது. மச்சான் பாட்டிலை வெயிலுக்கு உயர்த்திப் பார்த்தான். தெளிந்த ஆயிலுக்குள் ஒரு கருநீல இழை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மச்சான் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தான். பெட்டியில் அந்தக் குழாயைக் கழற்றினோம். துளைக்குள் இருக்கிற சின்ன சல்லடையின் மேல் பஞ்சு, படிந்து, அழுத்தி, மெத்தையாக உட்கார்ந்திருந்தது. சல்லடை இல்லாவிட்டால் பெட்டியின் வால்வு வரைக்கும் போய் மொத்தமாகக் காலி பண்ணியிருக்கும். அதை வைத்த யாரோ ஓர் இன்ஜினியருக்கு, எந்த நாட்டில் இருந்தாலும், இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"நீயா நானாடா?" என்றான் மச்சான்.

"ரெண்டு பேருமேதான்."

அக்கா காருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். இழையைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தவள், கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. "காட்டன் லைக்ரா. எக்ஸ்போர்ட் குவாலிட்டி. ஊரெல்லாம் ஏற்றுமதி பண்றது போதாதுன்னு பிரேக்குக்குள்ளயும் அனுப்பிருக்கீங்க" என்றாள். அவளை அப்படிச் சிரிக்கவைக்க நான் இன்னொரு பெட்டியைக்கூடக் கெடுத்திருப்பேன்.

மறுபடி எல்லாவற்றையும் கழற்றினோம். இந்தத் தடவை துளைகளை அடைக்க மச்சான் தோப்புக்குப் பக்கத்திலிருந்த கோழிப்பண்ணைக்குப் போய், தடுப்பூசி பாட்டில்களின் ரப்பர் மூடிகளைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்தான். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தன. எலக்ட்ரீஷியன் தன் மெல்லிய இடுக்கியால் ஒவ்வொரு சல்லடையிலிருந்தும் இழைகளை எடுத்தார். எடுக்கும்போதெல்லாம் ஒரு வசனம். புது ஆயிலை ஊற்றி ஊற்றிக் குழாய்களை அலசினோம். ஸ்கேனரால் வால்வுகளைத் திறந்து மூடி, பாட்டிலில் ஒரு தூசுகூட வராத வரைக்கும் விடவில்லை. குடோனில் பனியன் வேஸ்ட் மூட்டையை அப்பாவே தூக்கி வெளியே வைத்து, கார் இருக்கும்வரை உள்ளே வரக்கூடாது என்று மூட்டைக்கு உத்தரவு போட்டார்.

களத்தில் கார் நேராக நின்றது. மறுபடியும் நேராக. அக்காவிடம் சாவியை நீட்டினேன். களத்தில் வேண்டாம், டிராக்கில் பார்க்கலாம் என்றாள். பார்க்கலாம் என்றால் ஓட்டுகிறேன் என்று அர்த்தமில்லை. அதை நான் துருவவில்லை.

டிராக் நாளன்று அப்பாவும் கிளம்பிவிட்டார். அதற்கு முன் வந்ததே இல்லை. வெள்ளைச் சட்டை போட்டு, தண்ணி கேனை மடியில் வைத்துக்கொண்டு மச்சானின் வண்டியில் வந்தார். அவினாசி ரோட்டில் நான் ஓட்டினால் பக்கத்து சீட்டில் தானும் பிரேக் மிதிக்கிற ஆள் அவர்.

முதலில் நான் ஓட்டினேன். சுற்றுக்குச் சுற்று வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய், கடைசியில் அந்த மேட்டின் மேலேயே, அக்கா மிதித்த அதே இடத்தில் மிதித்தேன். கார் ஒரு துள்ளு துள்ளியது. பெடல் காலுக்கடியில் படபடவென்று பேசியது, ஆனால் கல்லாகவில்லை. வேகம் கரைந்தது. வளைவு நான் எதிர்பார்த்ததைவிட நிதானமாக எதிரே வந்தது. உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கழற்றி, "பாஸ்" என்று மட்டும் சொன்னேன்.

அக்கா ஹெல்மெட்டைக் கையில் வாங்கினாள். வாங்கியவள் நின்றுகொண்டே இருந்தாள். வளைவின் பக்கம் பார்த்தாள். மற்ற கார்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. நான் ஏதாவது சொல்லிக் கெடுத்துவிடுவேன் என்று பயந்து டயரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அப்போதுதான் அப்பா எழுந்தார். தண்ணி கேனை மச்சானிடம் கொடுத்தார்.

"எனக்கு ஒரு ஹெல்மெட் குடுங்க. நீ ஓட்டு கண்ணு, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"உங்களுக்குப் பயமா இருக்காதுங்களாப்பா?"

"இருக்கும். அதுக்கு நான் மட்டும் ஊட்லயே உக்காந்திருந்தா பயம் கொறையுமா?"

டிராக்காரர்கள் அவருக்கு முழுக் கால்சட்டையும் ஷூவும் இருக்கிறதா என்று பார்த்து, பெல்ட்டை இறுக்கிக் கட்டிவிட்டார்கள். இருவரும் போனார்கள். முதல் சுற்றில் அக்கா வெகு முன்னாலேயே பிரேக் பிடித்தாள், ஸ்கூட்டரில் பிடிப்பதுபோல. இரண்டாவதிலும் அப்படித்தான். அதற்கடுத்த சுற்றில் பிரேக் விளக்கு எரிவது கொஞ்சம் தள்ளிப்போனது. அப்புறம் இன்னும் தள்ளி. நானும் மச்சானும் கம்பி வேலியைப் பிடித்தபடி நின்றோம். பிறகு ஒரு சுற்றில், நேர்பாதை முழுக்க எஞ்சின் அடங்காமல் அலறிக்கொண்டே வந்தது. மேட்டின் மேல், சரியாக அந்த மேட்டின் மேல், சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. மூக்கு நேராகக் குனிந்தது. கார் வலப்பக்கம் திரும்பி, போகவேண்டிய கோட்டின் மேலேயே போய் மறைந்தது.

அவர்கள் உள்ளே வந்தபோது அக்கா கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. அப்பா இறங்கி, முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"அவ மிதிச்ச எடத்துலயெல்லாம் நானும் மிதிச்சேன்டா. எனக்குத்தான் பெடல் இல்ல."

அன்று பயப்படாமல் மிதிக்கச் சொன்ன அந்த நல்ல மனிதர் வந்தார். பானெட்டைத் திறந்து காட்டச் சொன்னார். அக்காவே காட்டினாள். பழைய பெட்டி ஏன் மிரண்டது, புதுசு எப்படி யோசிக்கிறது என்று எல்லாம் சொல்லி, என் போனை வாங்கி அந்த வீடியோவையும் போட்டுக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, "கால் எடுக்கவே இல்லீங்களே. நாந்தான் தப்பா சொல்லிட்டனுங்கம்மா" என்றார். தன் காரும் அந்த மேட்டில் அப்படித்தான் செய்கிறது, இத்தனை நாள் அதற்குத் தன் வயதின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அவர் காருக்கும் பெட்டி தேட உக்கடம் கடைக்காரரின் நம்பரை மச்சான் கொடுத்திருக்கிறான். குழாய் வாய்க்கு ரப்பர் மூடி இலவசம்.

திரும்பும்போது அக்காதான் ஓட்டினாள். பல்லடம் வரைக்கும் அவளாகவே பேசிக்கொண்டு வந்தாள், பாதி எனக்கு, பாதி தனக்கே. இதுவரைக்கும் காய்ந்த ரோட்டில்தான் பார்த்திருக்கிறோம், ஐப்பசியில் டிராக் நனைந்து கிடக்கும்போது இந்தப் பெட்டி என்ன செய்யும் என்பதுதான் இப்போது அவள் கேள்வி. ஈரத்துக்கு வேறு டயர் வேண்டும், பின்பக்கத்துக்குக் கொஞ்சம் மென்மையான பிரேக் பேட் வேண்டும். டிராக்காரர்களிடம் மழை நாளில் திறப்பார்களா என்று கேட்டு வைத்துவிட்டாள். அப்பா இப்போதே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். முதல் சுற்று அவளுடையது. நான் பக்கத்து சீட்டில் ஸ்கேனரோடு உட்கார்ந்து, ஒவ்வொரு சக்கரமும் என்ன சொல்கிறது என்று பதிந்துகொள்ள வேண்டும்.